அளவு நோட்டில் சுருங்கிய எண்கள்

“காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது டாக்டரம்மா. காலைல கேக்குது. சாயங்காலம் கேக்க மாட்டேங்குது.”

2022-இல் முதன்முறை வந்தபோது அவர் சொன்னது இதுதான். அன்றைக்கு அதைக் காதில் சரியாக வாங்கியிருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும். நானோ அவர் கொண்டுவந்த எம்ஆர்ஐ ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயது 34. பெங்களூர் அல்சூரில் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். தாத்தா காலத்தில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் கன்னடம், வாடிக்கைக்காரர்களிடம் இரண்டும் கலந்து. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் கலந்தும் எழுதுகிறேன்.

தொந்தரவு தொடங்கியது 27 வயதில். மெஷினை மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், கட்டைவிரல் தானாக மேலே தூக்கும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தார்கள். அப்புறம் கணுக்கால் எக்ஸ்ரே. அப்புறம் இடுப்பு எம்ஆர்ஐ. அதில் பலருக்கும் இருப்பதுபோல ஒரு சின்ன டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதன் பெயரில் ஆறு மாதம் பிசியோதெரபி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வலது கையிலும் நடுக்கம் வந்தது. கடைசியாகப் போன ஒரு கிளினிக்கில் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காலையில் நன்றாக நடக்கிறார், படி ஏறுகிறார், பின்னோக்கி நடக்கச் சொன்னால் பாதம் திரும்புவதே இல்லை. ஆகவே இது மனம் சம்பந்தப்பட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அது வேறு மாதிரி கேட்டது. “உடம்பு வணங்காதவளுக்கு எத்தனை சாக்கு” என்றாராம் மாமியார்.

அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இல்லை; அவசரமான ஓபி நாளில் நானும் அப்படி எழுதியிருக்கக் கூடியவள்தான். ஆனால் மனநோய்க்கு ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்ட அத்தனையும் உண்மையில் டிஸ்டோனியாவின் அடையாளங்கள். டிஸ்டோனியா என்பது தசைமுறுக்கம். இதில் தசை கெடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட அசைவுக்கு மூளை அனுப்பும் உத்தரவு கெடுகிறது. அதனால்தான் முன்னோக்கி நடக்கும்போது திரும்பும் பாதம் பின்னோக்கி நடந்தால் நேராகிவிடும். தூங்கி எழுந்ததும் உடம்பு லேசாக இருந்து, பொழுது சாயச் சாய இறுகுவதும், அசைவுகளை மெதுவாக்கி இறுக்கும் மூளைநோயான பார்க்கின்சன் இளவயதில் வரும்போது அடிக்கடி பார்ப்பதுதான்.

இது எனக்கு முதல் நாளே தோன்றியது என்று சொன்னால் பொய். தையல் மெஷினை மிதிக்கும்போது வீடியோ எடுத்து வாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த முறை மூத்த பையன் எடுத்த வீடியோ வந்தது. மிதியில் வெறுங்கால். முதல் நிமிடம் குதிகாலும் முன்பாதமும் ஒழுங்காக மாறி மாறி அழுத்துகின்றன. இரண்டாவது நிமிடத்தில் குதிகால் மிதியை விட்டு எழும்புகிறது, பாதத்தின் வெளிவிளிம்பு மட்டும் இரும்பில் படுகிறது, கட்டைவிரல் கூரையைப் பார்க்கிறது. சக்கரம் தடுமாறிப் பின்பக்கம் சுற்றுகிறது, நூல் அறுகிறது.

வீடியோவைவிட முக்கியமானது அவர் பையில் தற்செயலாக இருந்தது: அளவு நோட்டு. வழியில் யாருக்கோ ஜாக்கெட் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு வாடிக்கைக்காரர், ஓரத்தில் குண்டூசியால் குத்திய ஒரு துண்டுத் துணி, அதன் கீழே உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து. எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. வரியின் தொடக்கத்தில் படிக்க முடிகிறது, முடிவுக்குப் போகப் போகச் சுருங்கிக் கோட்டோடு ஒட்டிவிடுகிறது. எப்போதும் இப்படித்தான் எழுதுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். “38-ஐ 36-னு படிச்சு ஒரு பட்டு ஜாக்கெட்டையே பாழாக்கிட்டேன் மேடம்.” பழைய நோட்டுகளும் வேண்டும் என்றேன். எட்டு வருஷ நோட்டுகள் ஒரு கட்டைப் பையில் வந்தன. 2014-இல் எண் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கிறது. 2017-இல் முக்கால். 2022-இல் பாதிகூட இல்லை. எந்த ஸ்கேனும் இவ்வளவு துல்லியமாக ஒரு நோயின் காலக்கோட்டை எனக்குக் காட்டியதில்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் செய்ய வேண்டியதை அப்புறம்தான் ஒழுங்காகச் செய்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னால் முதல் ஐந்து தட்டு அகலமாக, பிறகு அளவு குறைந்துகொண்டே போய் நின்றது. மணிக்கட்டை மடக்கினால் பல்சக்கரம் போல விட்டு விட்டு நகர்ந்தது. வலது கை நடக்கும்போது வீசவில்லை. ஞாபகம் அபாரம்; பழைய வாடிக்கைக்காரர்களின் மார்பளவை நோட்டைப் பார்க்காமல் சொன்னார். தலையில் வைத்திருந்த மல்லிகை மணக்கிறதா என்று கேட்டேன், மணக்கிறது என்றார். இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. வயதானவர்களுக்கு வரும் வழக்கமான பார்க்கின்சனில் மோப்பம் பல வருடம் முன்பே மங்கிவிடும். சில பரம்பரை வகைகளில் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

40 வயதுக்குக் கீழே இப்படி ஒருவர் வந்தால் முதலில் வில்சன் நோயை விலக்க வேண்டும். செம்பு சேர்ந்து வரும் அந்த நோய்க்கு நேரடி மருந்து உண்டு, தவறவிட்டால் மன்னிப்பில்லை. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கருவிழி ஓரத்தில் செம்பு வளையம் என மூன்றும் பார்த்தோம், வில்சன் இல்லை. மூளை எம்ஆர்ஐ இயல்பு. அசைவுக்கு வேண்டிய மூளை ரசாயனமான டோபமைனைச் சுரக்கும் நரம்பு முனைகளைக் காட்டும் டிரோடாட் ஸ்கேனில் இருபுறமும் தெளிவான குறைவு. அதோடு, லெவோடோபா என்ற மருந்துக்கு மடங்கும் டிஸ்டோனியா மட்டும்தானோ என்ற சந்தேகமும் போயிற்று, ஏனென்றால் அதில் இந்த ஸ்கேன் இயல்பாக இருக்கும்.

ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருந்த வாரத்தில்தான் அவருடைய அம்மா ஒரு விஷயம் சொன்னார். “ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு தேறட்டும்னு நாட்டு மருந்துக் கடைல பூனைக்காலிப் பொடி வாங்கிப் பால்ல கலக்கிக் குடுத்தேன். அது குடிச்ச வரைக்கும் கால் நல்லாத்தான் இருந்துச்சு. குமட்டுதுன்னு இவ நிறுத்திட்டா.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபா. பார்க்கின்சனுக்கு இன்றைக்கும் முதன்மையான மருந்து அதுவே. அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர், 1937-இல், நம் சென்னையில். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகம் கண்டுகொள்ள மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அம்மா தெரியாமலே மகளுக்கு ஒரு மருந்துப் பரிசோதனை நடத்தி, முடிவையும் கண்டிருக்கிறார். நான்கு வருடமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடி வாங்க ஓட வேண்டாம்: விதைக்கு விதை அளவு மாறும், மூளைக்கு வெளியே வீணாவதைத் தடுக்கும் கார்பிடோபா அதில் இல்லை, குமட்டலுக்குக் காரணமும் அதுதான்.

லெவோடோபா 100, கார்பிடோபா 25 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகக் கொடுத்தோம். நான்காம் நாள் ஒரு வீடியோ அனுப்பினார். பத்து நிமிடம் ஓடுகிறது, குதிகால் மிதியை விட்டு எழவே இல்லை.

சரி, பார்க்கின்சன் என்று ஆயிற்று. 27 வயதில் ஏன்?

பழைய மருத்துவமனைப் படிவங்கள் மூன்றிலும் ‘உறவுத் திருமணம்’ கட்டத்தில் ‘இல்லை’ என்றே இருந்தது. அவருடைய அப்பாவிடம் நானும் கேட்டேன்: “சொந்தத்துல கட்டினீங்களா?” “தூரத்துச் சொந்தம் எல்லாம் இல்லம்மா, அக்கா மகதான்.” முறைப்பெண்ணைக் கட்டுவதை அவர் உறவுத் திருமணம் என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. எங்கள் படிவங்களை எழுதியவர்களுக்குத் தாய்மாமன் என்ற சொல்லின் எடை தெரிந்திருக்காது. இப்போதெல்லாம் நான் “உங்கள் அம்மா அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன் என்ன முறை?” என்று கேட்கிறேன். பதில் உடனே வருகிறது.

அக்கா மகளை மணக்கும்போது, பிறக்கும் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவிலும் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்தே வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பதினாறில் ஒன்று. இளவயது பார்க்கின்சனும் இந்தக் கணக்கும் சேர்ந்தால் நினைவுக்கு வரவேண்டிய மரபணுவின் பெயர் பார்க்கின்.

மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து வந்த அறிக்கையில் ‘நோய்க்குக் காரணமான மாற்றம் காணப்படவில்லை’. கணவர் செலவழித்த பணத்தை நினைத்து எனக்குத்தான் வயிறு எரிந்தது. ஆனால் பார்க்கினில் இது தெரிந்த பொறி. அந்தப் பரிசோதனை எழுத்துப்பிழை பார்ப்பதில் கெட்டி. புத்தகத்தில் பக்கமே கிழிந்து போயிருந்தால், இருக்கிற பக்கங்களில் பிழை எங்கே இருக்கும்? பார்க்கின் மரபணுவில் 12 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு எழுதிய துண்டுகள். அதில் ஒன்றிரண்டு முழுசாகவே காணாமல் போவது சகஜம். எக்ஸான்களை எண்ணிப் பார்க்கும் எம்எல்பிஏ என்ற வேறொரு சோதனை கேட்டேன். 3, 4 இரண்டும் இல்லை. இரண்டு பிரதிகளிலும் இல்லை.

இங்கேதான் மைட்டோகாண்ட்ரியா வருகிறது. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதியைச் செய்து கொடுப்பது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. நடுமூளையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமைன் நரம்பணுக்களுக்கு இந்தத் தேவை மற்றவற்றைவிட அதிகம். ஒரே ஒரு அணுவின் கிளைகளை எல்லாம் நீட்டி அளந்தால் 4 மீட்டருக்கு மேல் வரும், அது போய்த் தொடும் இணைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதோடு, யாரும் தூண்டாமலே இரவு பகலாகத் துடிக்கும் அணுக்கள் இவை. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியத்தை வெளியே தள்ள வேண்டும், அதற்கும் ஆற்றல். எப்போதும் தீபாவளிக்கு முந்தின வாரத்துத் தையல் கடை மாதிரி.

மைட்டோகாண்ட்ரியா என்ற அந்த மின்நிலையத்தை அடித்தால் பார்க்கின்சன் வரும் என்பது 1982-இல் ஒரு விபத்தாகத் தெரிந்தது. அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில், தப்பாகத் தயாரித்த செயற்கைப் போதைமருந்தை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் கல்லாக உறைந்துபோனார்கள். மருந்தில் கலந்திருந்த எம்பிடிபி மூளைக்குள் போய் வேறொரு பொருளாக மாறுகிறது. டோபமைன் அணுக்கள் அதைத் தங்கள் சரக்கு என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலியில் முதல் கண்ணியான காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைக்கிறது. வில்லியம் லாங்ஸ்டன் குழு இதை 1983-இல் எழுதியது. போதை பக்கமே போகாத சாதாரண பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் அதே காம்ப்ளெக்ஸ் 1 நலிந்திருப்பதை 1989-இல் லண்டனில் கண்டார்கள்.

பார்க்கின் மரபணு 1998-இல் ஜப்பானியக் குடும்பங்களில் பிடிபட்டது. பிங்க்1 என்ற இன்னொன்று 2004-இல். இரண்டும் ஒரே வேலையில் கூட்டாளிகள் என்று காட்டியவை பழ ஈக்கள். பிங்க்1 இல்லாத ஈயின் தசையில் மைட்டோகாண்ட்ரியா வீங்கி, இறக்கை தொங்கிப்போகிறது. அதற்குப் பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் சரியாகிறது. பார்க்கின் இல்லாத ஈக்குப் பிங்க்1 கொடுத்தால் பயனில்லை. ஆக, பிங்க்1 முன்னால், பார்க்கின் பின்னால். இது 2006. 2008-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் ஆய்வகம், செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பார்க்கின், கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போய் மொய்ப்பதைக் காட்டியது.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவர் மேசையில் கிடக்கும் மார்க்கிங் சாக்கை எடுத்துக்கொண்டேன். நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்1 உள்ளே நுழைந்து அழிந்துவிடும். கெட்டதில் நுழைய முடியாமல் வாசலிலேயே தேங்கும். தேங்கி நிற்பதுதான் தகவல். அது பார்க்கினைக் கூப்பிடும், பார்க்கின் வந்து அந்தக் கெட்ட துண்டின்மேல் யூபிக்விட்டின் என்ற சாக்குக் கோடு போடும். கோடு போட்டதை மட்டும் செல் வெட்டி எடுத்துச் செரித்துவிடும். “அப்போ எனக்கு வெட்டறதுக்கு ஆள் இருக்கு, கோடு போடத்தான் ஆள் இல்லை” என்றார். எங்கள் ஜூனியர்களுக்கு அரை மணி நேரம் எடுத்த பாடம் இது.

ஆனால் கதை இத்தனை சுத்தமானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்க்கினை நீக்கி வளர்த்த எலிகளில் டோபமைன் அணுக்கள் மனிதர்களில் போலச் சாவதில்லை. ஏன் மனிதனுக்கு மட்டும், ஏன் அந்தக் கறுப்புப் பட்டைக்கு மட்டும் என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது.

இதற்குள் வீட்டில் ஒரு புதுச் சண்டை. மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் என்று யாரோ செல்போனில் பார்த்துச் சொல்ல, மாமியார் “அப்போ உங்கம்மா குடுத்த சீர்தானா இது” என்று கேட்டுவிட்டார். அடுத்த முறை மாமியாரையும் வரச் சொன்னேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக இருப்பது 37 மரபணுக்கள். அவை அம்மா வழிதான். ஆனால் அதை இயக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13 தவிர மற்றவற்றின் குறிப்பு செல்லின் உட்கருவில் இருக்கிறது. பார்க்கின் 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா பாதி, அம்மா பாதி. “ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாத்தான் வரும். ஒண்ணு மட்டும் வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. வெளியே போகும்போது மருமகளின் பையை வாங்கிக்கொண்டார்.

காரணம் தெரிந்ததால் மாத்திரை மாறவில்லை. லெவோடோபா டோபமைனைத் தருகிறது. சாக்குக் கோடு போட ஆள் தருவதில்லை. அப்படித் தரும் மருந்து இன்றைக்குச் சந்தையில் கிடையாது. ‘மைட்டோகாண்ட்ரியா டானிக்’ என்று ஒரு மருந்துக்கடையில் மாதாமாதம் அவருக்குக் கோஎன்சைம் க்யூ10 விற்றுக்கொண்டிருந்தார்கள். 600 நோயாளிகளிடம் தினம் 1,200, 2,400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு பலனில்லை என்று 2011-இல் நிறுத்தப்பட்டது. கிரியேட்டினை 1,741 பேரிடம் சோதித்து 2013-இல் அதையும் நிறுத்தினார்கள். அந்தப் பணத்துக்குப் பிள்ளைகளுக்குப் பால் வாங்குங்கள் என்று சீட்டைக் கிழித்துவிட்டேன். ரத்தசோகைக்குப் போட்ட இரும்பு மாத்திரையை மட்டும் விடவில்லை, ஆனால் லெவோடோபாவோடு சேர்த்துப் போடக் கூடாது, உறிஞ்சலைக் கெடுக்கும் என்று இரவுக்கு மாற்றினோம்.

மாறியது வேறு விஷயங்கள். பார்க்கின் வகை மெதுவாக நகரும், நினைவாற்றல் பெரும்பாலும் தப்பும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. மருந்து குறைந்த அளவிலேயே கேட்கும், ஆனால் தானாகத் துள்ளும் அசைவுகள் சீக்கிரம் வரும் என்று எச்சரிக்கவும் முடிந்தது. அவர் எச்சரிக்கையை ஒரு தீபாவளி வரை ஞாபகம் வைத்திருந்தார். 40 ஜாக்கெட் கையில், ராத்திரி இரண்டு மணி வரை வேலை, பாதி மாத்திரையை முழுசாக்கி, மூன்று வேளையை ஐந்தாக்கிவிட்டார். கால் பறந்தது. நான்காம் நாள் கழுத்தும் தோளும் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தன, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பழைய அளவுக்கு இறக்கியதும் அடங்கியது.

இன்னொன்று, இதைவிடக் கடினம். அவருடைய தம்பிக்கு மூத்த அக்காவின் மகளைப் பேசி வைத்திருந்தார்கள், பெண்ணுக்கு 19. மறுபடியும் தாய்மாமன், அக்கா மகள். தம்பியும் அக்காவும் பரிசோதனைக்கு வந்தார்கள். இருவருக்கும் நோய் இல்லை, இருவரிடமும் ஒரு பிரதியில் அந்தக் குறை உண்டு. அக்கா மகளுக்கு அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. கல்யாணம் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்வது என் வேலையும் இல்லை. கணக்கை எழுதிக் காட்டினேன். பரிசோதனை வேண்டுமா என்று பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். “முதல்ல பிகாம் முடிக்கறேன் மேடம். இந்த ரிப்போர்ட் வந்ததே எனக்கு நல்லதாப் போச்சு” என்றாள். நோயாளியான சித்திக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

போன மாதம் வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று. அதன் மிதியை இடது காலுக்கு மாற்றிக்கொண்டார். காலை மணி 11, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு டேப்பை எடுத்துவிட்டார். வெளியே 14 பேர் காத்திருக்கிறார்கள் என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார். உயரம், மார்பு, இடுப்பு என்று எழுதிக்கொண்டே வந்தார், எண்கள் கோட்டுக்குக் கோடு நின்றன. பின்கழுத்து எழுதும்போது 9 கொஞ்சம் சிறுத்தது. பார்த்துவிட்டு அடித்தார், பக்கத்திலேயே பெரிதாக எழுதினார்.